சிரிக்காத மூஞ்சி

“ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்… அய்யோ, பாதியிலேயே விட்டுட்டீங்களேம்மா!”

நாலாவது தடவையும் இதே கதைதான். மூச்சுச் சோதனை எடுக்கும் பெண் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

மருமகள் வெளியே காத்திருக்க, உள்ளே மாமியார் குழாயை வாயிலிருந்து எடுத்தாள். மூக்கை இறுக்கிய கிளிப் மட்டும் அப்படியே இருந்தது.

ஊதத் தெரியாதவளா அவள்? கோபம் வந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும் தொண்டை! ஆனால் ஒரு வருஷமாகப் படியேறினால் இளைப்பு, படுத்தால் நெஞ்சுக்குள் விசில் சத்தம். வயசுக் கோளாறா ஆஸ்துமாவா என்று இந்த ஊதலை வைத்துத்தான் சொல்ல முடியுமாம். ஆஸ்துமா என்றால் மருந்தில் அடங்கிவிடுமாம்.

“வீட்ல கத்துறதுல பாதிய இதுல காட்டும்மா,” என்றான் மகன்.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முழங்கால் இரண்டையும் ஒட்டிவைத்துக்கொண்டு, கண்ணை மூடி, முழு மூச்சாக ஊதித் தள்ளினாள்.

“சூப்பர்ம்மா! இதே மாதிரி இன்னும் ரெண்டே ரெண்டு. கொஞ்சம் எழுந்து நின்னுட்டு உக்காருங்க.”

அவள் எழுந்திருக்கவில்லை.

மகன் கையைப் பிடித்தான். உதறினாள். வெளியே போ, அவளை வரச் சொல் என்றாள். மகனுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா இதுவரை எதற்கும் மருமகளைத் தேடியதே இல்லை.

‘சிரிக்காத மூஞ்சி’ என்று மருமகளுக்குப் பேர் வைத்ததே இவள்தான். பிரசவமான புதிதில், தும்மினால் சிறுநீர் கசிந்துவிடும் என்று அந்தப் பெண் பயந்து ஒதுங்கி நின்றதைக் கண்டுபிடித்து, சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்த இடத்தில், “எங்க வீட்ல ரெண்டு குழந்தைக்குத் துணி மாத்தணும்” என்று போட்டு உடைத்ததும் இவள்தான். கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

மருமகள் உள்ளே வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள்.

சோதனைப் பெண்ணும் புரிந்துகொண்டு திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாமியாருக்குத் தலை நிமிரவில்லை. உடம்பெல்லாம் கூசியது. கேட்கட்டும், நல்லா நாலு வார்த்தை கேட்கட்டும் என்று காத்திருந்தாள்.

மருமகள் தன் கைப்பையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு நாப்கினை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

“மாத்திக்கிட்டு மீதி ரெண்டையும் தைரியமா ஊதுங்க அத்தை.”

அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“எனக்கு இன்னும் நிக்கல.”