விசாரிக்க வந்தவர்கள்

“பையன் குடிப்பானா?”

ரோஸ்மேரி இப்படிப் பட்டென்று கேட்பாள் என்று பிலவேந்திரன் எதிர்பார்க்கவில்லை. மெஸ்ஸில் உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இலையில் போட்ட சோறு இன்னும் ஆறவில்லை. மெஸ் நடத்தும் ராஜாம்பாள் கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள்.

“எந்தப் பையன்க்கா?”

“எதிர்ல தொப்பிக் கடை வச்சிருக்குதே, சேசுராஜ். அந்தப் பையன்.”

ராஜாம்பாளின் முகம் மலர்ந்துவிட்டது. வயசான புருஷன் பெண்டாட்டி, வெளியூர்ப் பேச்சு, பையனைப் பற்றி விசாரணை. அவளுக்கு வேறென்ன வேண்டும்? எந்த ஊர் என்று கேட்டாள். செஞ்சி என்றதும், கோட்டை பார்க்க வந்து பாதிப் படியிலேயே மூச்சு வாங்கித் திரும்பிய கதையைச் சொன்னாள். கேட்காமலே ஆளுக்கொரு துண்டு வஞ்சிரம் வறுவல் இலையில் விழுந்தது. பெண் வீட்டுக்காரர்களுக்குப் புதுச்சேரியில் இந்த மரியாதைகூடச் செய்யாவிட்டால் எப்படி?

“ஒரு வருஷமா ஒரு சொட்டு தொட்டதில்லக்கா. என் புள்ள மேல சத்தியம்.”

“உடம்பு எப்படி இருக்குது?” என்று ரோஸ்மேரி கேட்டாள்.

ராஜாம்பாளின் பார்வை சட்டென்று சட்டிக்குள் போனது. உடம்புக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறான் என்று முணுமுணுத்தாள். எதையோ மறைக்கிறாள் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நம் வாயால் ஒரு கல்யாணம் கெட்டுப்போக வேண்டாம் என்று நினைத்திருப்பாள், பாவம். ரோஸ்மேரியும் மேற்கொண்டு தோண்டவில்லை. வஞ்சிரத்தையும் அவள் தொடவில்லை. அவள் ஒழுங்காகச் சாப்பிட்டு எவ்வளவோ நாளாகிறது.

இந்த விசாரணையே வேண்டாம் என்றுதான் பிலவேந்திரன் மாசக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ வாய் தவறிச் சொன்ன ஒரு பெயரும், கடை இருக்கும் தெருவும்தான் அவர்களுக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு அவள் தினமும் நச்சரித்தாள். அவன் எப்படிப்பட்டவன் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டுமாம். கடைசியில் இன்று செஞ்சியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தார்கள்.

“அவன் மட்டும் குடிகாரனா இருந்துட்டான்னா என்னால தாங்க முடியாதுங்க,” என்று பஸ்ஸிலும் சொன்னாள்.

அவள் பயத்திலும் தப்பில்லை. இந்த ஊரில் டீக்கடையைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பிராந்திக் கடை தானாகவே எதிரில் வந்து நிற்கும்.

வெயில் மண்டையைப் பிளந்தது. தெருவெல்லாம் கூலிங்கிளாஸ் போட்ட வெளியூர்க் கூட்டம், ஐஸ்கிரீமும் செல்ஃபியுமாகக் குதூகலித்துக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் இவர்கள் இரண்டு பேரும் துஷ்டி வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி நடந்தார்கள். டீக்கடைக்காரரைக் கேட்டார்கள். சிப்பி மாலை விற்பவளைக் கேட்டார்கள். கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் கிழவரையும் விடவில்லை. எல்லோரும் ஒரே மாதிரி நற்சான்று கொடுத்தார்கள்.

தொப்பிக் கடைக்குப் போனபோது சேதி இவர்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. சேசுராஜ் தலையைப் படிய வாரிக்கொண்டு நின்றான். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். ஒல்லி. வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. ரோஸ்மேரி, தான் ஆயுசுக்கும் போடப்போகாத ஓர் ஓலைத் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

“சாப்டியாப்பா?”

“இன்னும் இல்லம்மா.”

நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்றாள். நகர மனமில்லாமல் அங்கேயே நின்றாள். பிலவேந்திரன்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

கடற்கரையில் அவள் கேட்டு வாங்கிச் சுண்டல் தின்றாள். ஒன்று விடாமல் தின்றுவிட்டுப் பொட்டலத்தையும் உதறினாள். “நல்ல பையன்ங்க. நாம பண்ணது தப்பில்ல,” என்றாள். அப்படியே ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பியிருக்கலாம். கொஞ்ச தூரம் நடந்துவிட்டுப் போகலாம் என்று அவள் ஆசைப்பட்டதால் நடந்தார்கள்.

ரோடு முடிகிற இடத்தில், கரையில் கொட்டியிருந்த கருங்கல் பாறைகளின் மறைவில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சேசுராஜ். கையில் பிளாஸ்டிக் கப்.

பிலவேந்திரன் தடுப்பதற்குள் அவள் பாறையில் இறங்கிவிட்டாள். மற்ற மூன்று பேரும் நைசாக நழுவினார்கள். சேசுராஜ் கப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். வாடையை எங்கே மறைப்பான்?

“ஒரு வருஷமா தொட்டதில்லம்மா, சத்தியமா,” என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது. “என் உடம்புக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு கெடந்தேன். நீங்க பாக்க வந்துக்கிறீங்கன்னு மெஸ்ஸுக்கா சொன்னதும் பசங்க ட்ரீட்டு கேட்டானுங்க. சந்தோஷத்துல நானும் எடுத்துட்டேன். இன்னிக்கு ஒரு நாளுதாம்மா. இதுக்காகப் பொண்ணு இல்லன்னு சொல்லிடாதீங்க.”

ரோஸ்மேரி அவன் கையிலிருந்த கப்பை வாங்கிக் கடலில் கொட்டினாள்.

“எங்களுக்குப் பொண்ணே கெடையாதுப்பா,” என்றாள். “ஒரே புள்ள இருந்தான். போன வருஷம் ஆக்சிடென்ட்ல போயிட்டான். அவனோட ஈரலை எடுத்துத்தான் உனக்கு வச்சிருக்காங்க.”