ஆளெண்ணும் நேரம்

திரேஸ்புரத்துக் கிளினிக்கின் தரையில் ஜன்னல் வெயில் விழுந்து கிடக்கிறது. மருத்துவர் கஸ்பார் உள்ளே வந்து கதவைச் சாத்துகிறார். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, எட்டு மாதம் அயல்நாட்டுச் சிறையில் இருந்து நேற்றுத் திரும்பிய மீனவர் ரெமிஜியுஸ், சட்டென்று நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் குந்துகிறார். கைகள் பிடரியில் கோத்துக்கொள்கின்றன. "ஒண்ணு" என்கிறார். மனைவி பிலோமி அவர் தோளைப் பிடித்து இழுக்கிறாள். "கதவுச் சத்தம் கேட்டாலே, ஜெயில்ல ஆளெண்ண வந்துட்டாவன்னு இப்படி உக்காந்துருதாவ டாக்டரையா." எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் ராணுவ மருத்துவராகப் போய், பிடிபட்டு, ஓராண்டு கைதியாகக் கிடந்தவர் கஸ்பார். ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைக்கிறார். எண்பத்து மூன்று வயது முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, ரெமிஜியுஸின் பக்கத்தில் குந்துகிறார். கைகளைப் பிடரியில் கோத்து, நேராகச் சுவரைப் பார்த்தபடி, "ரெண்டு" என்கிறார்.