குவியலும் அடுக்கும்

வீட்டுப் படங்களை எதில் வைப்பது என்று பார்க்க, வசுமதி இரண்டு கட்டற்ற மென்பொருள்களை இறக்கிச் சுவர்த்திரையில் ஓடவிட்டாள். ஒன்று குவியல், மற்றது அடுக்கு. இரண்டுமே முகத்தைப் பார்த்துப் பிரித்து, பழைய வீடியோக்களில் காதில் விழுந்ததை வைத்துப் பெயரிடும்.

குவியல் சீக்கிரமே முடித்தது. வசுமதியையும், தன் குழந்தை நிலானிக்கு ஆறு மாதமாக இருந்தபோது இறந்துபோன வசுமதியின் அக்கா இந்துமதியையும் ஒரே ஆளாக்கி 'அம்மா' என்று போட்டிருந்தது. ஜாடை அப்படி.

அடுக்கு 'அம்மா' என்றது இந்துமதியை. கைக்குழந்தையிடம் அக்கா "சித்தி பாரு, சித்தி பாரு" என்று காட்டியதைக் கேட்டு, வசுமதியைச் 'சித்தி' ஆக்கியிருந்தது.

"குவியலே இருக்கட்டும்," என்றான் நிலானியின் அப்பா பரணி. "பாப்பா கேள்வி கேக்க மாட்டா."

வசுமதிக்கும் அதுதான் சரியென்று பட்டது, குவியலில் அக்காவின் கல்யாணப் படத்தைத் திறக்கும்வரை. ஒரே முகம் இரண்டு தடவை வந்ததைப் பிழையென்று எடுத்துக்கொண்டு, அது ஒருத்தியை அழித்திருந்தது. மணமேடையில் பரணிக்குப் பக்கத்தில் வசுமதி மட்டும் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"அடுக்கையே போடுங்க மாமா."

சாயங்காலம் பள்ளிவிட்டு வந்த நிலானி, பையைக்கூடக் கழற்றாமல் திரையைப் படித்தாள். "அம்மா, உன் போட்டோவுல ஏன் சித்தின்னு போட்டிருக்கு?"

வசுமதி அவளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"சரியாத்தான் போட்டிருக்கு," என்றாள். "பக்கத்துல அம்மான்னு இருக்கு பாரு, அதைத் திற."