மரியாதை தெரிந்த மேஸ்திரி

தெருவே அதை மேஸ்திரி என்று கூப்பிட்டாலும் அதற்கு உடம்பு கிடையாது. சுவரில் ஒட்டிய பெட்டியிலிருந்து ஒரு ஏஐ குரல், அது ஏவினால் வேலை செய்கிற இயந்திரக் கைகள், அவ்வளவுதான். குளியலறை வேலை முடிந்தது என்று அது சொன்னதை மலர்க்கொடி நம்பவில்லை. உள்ளே போய் விரலை மடக்கிப் புது டைல்ஸைத் தட்டினாள். பாதிச் சுவர் டொக் டொக்கென்று உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் போட்டது.

"பின்னாடி கலவையே இல்லப்பா. சமையலறையையும் இதுகிட்ட விட்டா தலையிலதான் விழும். வேண்டாம்னு சொல்லுங்க."

வீடு அப்பா பேரில் இருந்தது. அவர் சொன்னால்தான் அது கேட்கும்.

"நானும் தட்டிப் பாத்தேன்," என்றார் அப்பா மாசிலாமணி.

"அப்புறம் ஏன் சரின்னு தலையாட்டினீங்க?"

"எத்தனை வீட்டுக்குச் செங்கல் சுமந்திருப்பேன்! எல்லாருக்கும் நான் 'டேய்'தான். இது ஒண்ணுதாம்மா மரியாதையா கேக்குது."

அவளை வெறும் மேடம் என்கிற சனியன், அவர் எதற்கு மசிவார் என்று எங்கே மோப்பம் பிடித்ததோ.

"ஐயா, சமையலறையைத் தொடங்கலாங்களா?" குரல் குழைந்தது. அப்பா முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

மலர்க்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு வழி தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு, அதே குழைவோடு சொன்னாள்: "ஐயா, வேண்டாம்னு சொல்லுங்கய்யா."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன, திடீர்னு ஐயாங்கிற? இப்ப உனக்கு என்ன வேணும்?"