விலை சொல்லும் பாடம்

ஈச்ச மரத்துத் தூக்கணாங்குருவி ஒரு கூடு பின்னினால், புயலே வந்தாலும் அதில் ஒரு நார் பிரியாது. ஆனால் அதற்கு விற்கத் தெரியாது. "பத்துக் கதிர்" என்று விலை சொல்லும். வாங்க வந்தவர் வாய் திறப்பதற்குள், "சரி, எட்டு. உங்களுக்காக அஞ்சு. ஆசைப்பட்டுட்டீங்க, சும்மாவே எடுத்துட்டுப் போங்க" என்று தானே இறங்கிவிடும். வீட்டில் குஞ்சுகள் பட்டினி.

கைத்தொழில் பறவைகளுக்கு வகுப்பெடுக்கும் தையல்சிட்டுக்கு இதைக் கேட்டு எரிச்சல் வந்தது. "விலையைச் சொல்லு. சொன்னதும் வாயை மூடு. வியாபாரம் அவ்வளவுதான்."

"அந்த மூடுறதுதான் வரமாட்டேங்குது அக்கா."

மறுநாள் அணில் கூடு கேட்டு வந்தது. குருவி "பத்துக் கதிர்" என்றதுதான் தாமதம், பின்னால் காத்திருந்த தையல்சிட்டு பஞ்சு நூலால் அதன் அலகை இறுக்கிக் கட்டிவிட்டது.

அணில் கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. உள்ளே போய்ப் படுத்தும் பார்த்தது. எட்டும் அஞ்சும் குருவியின் தொண்டை வரை வந்து, அலகில் முட்டித் திரும்பின. கடைசியில் அணில், "ரொம்பக் கறாரான ஆள்தான் போல" என்று முனகிக்கொண்டே பத்துக் கதிரையும் இறக்கி வைத்தது.

கட்டை அவிழ்த்ததும் குருவிக்குக் கண் கலங்கியது. "அக்கா, இந்தப் பாடத்துக்கு நான் எவ்வளவு தரணும்?"

"ரெண்டு கதிர்" என்றது தையல்சிட்டு. உடனே, "ஒண்ணு போதும். அட, உங்கிட்டப் போய் என்ன வாங்குறது, விடு" என்றது.

குருவி கீழே கிடந்த நூலை எடுத்துக்கொண்டு, மெதுவாகத் தையல்சிட்டின் பின்னால் போய் நின்றது.