பின்னால் ஒரு பச்சை ஜீப்

“மிதி, நல்லா மிதி! அப்பா விடமாட்டார் போலிருக்கு!”

பல் டாக்டர், கார் இருக்கையில் முட்டி போட்டுக்கொண்டு பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக் கத்தினாள். மேலிருந்து சாம்பல் பொழிய, ஒற்றை விளக்கு மட்டும் எரிய, அப்பாவின் பச்சை ஜீப் மலைவளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

“மிதிச்சுக்கிட்டுதான் இருக்கேன். இதுக்கு மேல மிதிச்சா கால் ரோட்டுல பட்டுடும்!” என்றான் லிப்ட் மெக்கானிக்.

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மலை பற்றி எரிகிறது, பின்னால் பெற்ற தகப்பன் துரத்துகிறார். இந்த நேரத்தில் போய்ச் சிரிப்பு வந்தால் என்னதான் செய்வது?

மர மில் நடத்தும் அவளுடைய அப்பா இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கவே இல்லை. அம்மா காலமான பிறகு அவருக்குப் பிடிவாதம் கூடியிருந்தது. மெக்கானிக்கை வளர்த்த அத்தை, தையல் கடையே கதி என்று கல்யாணம் பண்ணாமல் இருந்தவள், அவளும் முடியாது என்றுவிட்டாள். அப்பா வாராவாரம் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு தையல் கடைக்குப் போய், அத்தையோடு சண்டை போட்டுவிட்டு வருவார்.

பொறுத்துப் பார்த்த இருவரும் இன்று கிளம்பிவிட்டார்கள். கீழே நகரத்தில் பதிவுத் திருமணம். காட்டுத்தீயால் மற்ற சாலைகளை எல்லாம் மூடிவிட்டார்கள். இறங்குவதற்கு இது ஒன்றுதான் மிச்சம்.

“மில்லுல இருப்பார்னு நினைச்சேனே. அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“எங்க அத்தைதான் மோப்பம் பிடிச்சுப் போட்டுக் குடுத்திருக்கும்!”

அடுத்த திருப்பத்தில் வனக்காவலர் கைகாட்டி நிறுத்தினார். “தீ ரோடு வரைக்கும் வந்துடுச்சு. காத்து திரும்பற வரைக்கும் யாரும் நகரக் கூடாது.”

அவள் இருக்கைக்குக் கீழே பதுங்கி, கண்ணாடியில் அப்பா தட்டும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். யாரும் தட்டவில்லை. எட்டிப் பார்த்தால், ஜீப் மேல் வளைவிலேயே ஒதுங்கி, விளக்கையும் அணைத்துவிட்டு நின்றது.

“ஏன் இறங்கி வரலை?”

“கீழ போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல வச்சு அமுக்கறதுக்குத் திட்டம் போல.”

காற்று திரும்பியது. காவலர் விசில் ஊதினார். “எல்லா வண்டியும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போகணும்! ஏய், பச்சை ஜீப்! உனக்கு வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுமா? வா முன்னால!”

ஜீப் வேண்டாவெறுப்பாக வந்து அவர்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது.

புகைக்குள் நுழைந்ததும் உலகமே மறைந்தது. இரண்டு பக்கமும் செக்கச்செவேலென்று மரங்கள். கண்ணாடியைத் தொட்டால் கை சுட்டது. அந்த இடமாகப் பார்த்து கார் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்தது.

சாவியைத் திருப்பினான். திரும்பத் திரும்பத் திருப்பினான். முன்னால் போன வண்டிகள் புகையில் கரைந்துவிட்டன. அவள் கதவுப் பிடியைப் பற்றினாள். “இறங்கி ஓடிடலாமா?”

“எங்க ஓடறது?”

பின்னால் ‘டம்’ என்று ஓர் இடி. கார் நகர்ந்தது. ஜீப் உறுமிக்கொண்டே மூக்கால் முட்டி முட்டித் தள்ளியது.

“அப்பா தள்றார்! ஐயோ, எங்கப்பா தள்றார்!” அவள் அழுதாள், சிரித்தாள், மெக்கானிக்கின் தோளில் ஓங்கி ஓங்கி அடித்தாள். தீயைத் தாண்டி, புகையைத் தாண்டி, ஆற்றுப் பாலத்துக்கு வந்துதான் கார் நின்றது. நல்ல காற்று. நீல வானம்.

அவள் இறங்கி ஓடினாள். இனி அப்பா என்ன சொன்னாலும் சரி, வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டாள்.

அப்பா இறங்கினார். முகமெல்லாம் கரி. மகளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“எங்களைத் துரத்திட்டு வந்த நீங்களே கடைசியில எங்க உயிரை...” அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “மன்னிச்சுடுங்கப்பா.”

ஜீப்பின் மறுபக்கக் கதவு திறந்தது. புதுப்புடவையும் கையில் பெட்டியுமாகத் தையல்கடை அத்தை இறங்கினாள். மெக்கானிக் பிளந்த வாயை மூடவில்லை.

அப்பா நெளிந்தார்.

“யாரும்மா துரத்தினா? உங்க கண்ணுல படாம ஓடிப்போகலாம்னு பார்த்தா, எங்களுக்கும் இந்த ஒரு ரோடுதானே திறந்திருக்கு!”