பத்து மணி லைன்

"திருடி!" என்றார் சீனியர் விஞ்ஞானி சேவுகன், டைரக்டரின் மேஜையில் தன் அறிக்கையையும் வள்ளிக்கண்ணுவின் அறிக்கையையும் போட்டு. "துருச் சோதனை முடிவு பூராவும் என் ஃபைல்ல இருந்தது. அப்படியே எடுத்துத் தன் பேருல எழுதியிருக்கா. இன்னைக்கே வேலையை விட்டு அனுப்புங்க."

காரைக்குடி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து ஒரு வருடமே ஆகியிருந்த வள்ளிக்கண்ணு தலை நிமிரவில்லை.

"நான் எடுக்கல சார். ஆனா நம்ம ஃபைலெல்லாம் இருக்குற சென்னைக் கம்ப்யூட்டர் லாகின்ல ஒரு ஓட்டை இருந்துச்சு. நம்ம டிரங்க் போன் லைன் தினமும் பாதியில அறுந்துபோகுது. அது சென்னைக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அடுத்தாப்புல கூப்பிடுறவங்களை, முன்னால இருந்தவங்க கணக்குக்குள்ளயே விட்டுரும்."

"கேட்டீகளா? எப்படி நுழைஞ்சான்னு இவளே சொல்றா!"

"அடைக்கச் சொல்லிச் சென்னைக்கு எழுதினேன் சார். நேத்து சாயங்காலம் அடைச்சுட்டாக."

"நல்லதாப் போச்சு. இனி என் கணக்குக்குள்ள எவளும் நுழைய முடியாது."

"ரெண்டு பேர் ஃபைலையும் பார்த்துருவோம்" என்று டைரக்டர் எழுந்தார்.

சென்னைக் கம்ப்யூட்டரை அழைக்க ஒன்பது மணி லைன் எப்போதும் வள்ளிக்கண்ணுவுக்கு. பத்து மணி லைன் சேவுகனுக்கு. சரியாகப் பத்துக்கு அவர் டெலிபிரின்டர் முன்னால் உட்கார்ந்தார். டிரங்க் கால் கிடைத்தது. மெஷின் ஒரு வரி அடித்து நின்றது.

சேவுகன் அதை இரண்டு முறை படித்தார்.

"என்னம்மா இது, ரகசியச் சொல் கேக்குது?"

"கணக்குத் தொடங்கினப்ப உங்களுக்குக் கொடுத்தாகளே, அதுதான் சார்."

"ஒரு வருசமா தினம் உள்ள போயிட்டு வாரேன். ஒருநாள்கூட என்கிட்ட இதைக் கேட்டதில்லையே!"

டைரக்டர் மெதுவாக வள்ளிக்கண்ணுவின் பக்கம் திரும்பினார். "அப்ப தினம் இவர் பார்த்தது உன் ஃபைலாம்மா?"